பதிவேட்டில் இருக்கும் கையெழுத்து

ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது திருகோணமலை நகரம். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தேயார் எல்லாரும் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வாழ்கிறார்கள். உபதேச வேறுபாட்டால் சபையை விட்டுப்போகும் போதகருக்கு இப்படியொரு ஊரில் மறைய இடமில்லை. அடுத்த கிழமையே மீன் சந்தையில் பழைய சபையார் எதிரே வருவார்கள். அவரோடு கதைக்கலாமா, கூடாதா? கதைத்தால் தலைமைக்குச் செய்தி போகுமா? வேதவசனங்களை வைத்து மேலே நடக்கும் விவாதம், கீழே இந்த அளவுக்குச் சின்னதாகி வந்து சேர்கிறது.

தலைமையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் பிரசங்க மேடையில் நின்று, அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று ஒருவர் பிரசங்கித்தால், அவருக்குச் சம்பளமும் மிஷன் வீடும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. மனத்தில் இல்லாத விசுவாசத்தை வாயால் சொல்லிக்கொண்டு ஓய்வூதியம் வரை காலம் தள்ளுகிறவரைவிட, எழுந்து வெளியே போகிறவர் நேர்மையானவர் என்றே நான் நினைப்பேன். பிரிவு சில வேளை தவிர்க்க முடியாதது. பிரிந்த மறுநாள் தலைமை என்ன செய்கிறது என்பதே என் கேள்வி.

திருநெல்வேலியில் நடந்த ரேனியஸ் விவகாரம் இதற்கு நல்ல பாடம். பிரஷ்யாவில் 1790இல் பிறந்த லூத்தரன் குரு அவர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம் 1814இல் அவரைச் சென்னைக்கு அனுப்பியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைகள் பெருகின. மேய்க்கக் குருமார் போதவில்லை. உபதேசியார்களுக்கு நாமே குருப்பட்டம் கொடுப்போம், லூத்தரன் வழக்கத்தில் அதற்கு இடமுண்டு என்றார் ரேனியஸ். பேராயர் கைவைத்தால்தான் பட்டம் என்றது இங்கிலாந்துத் திருச்சபை. அத்தோடு நில்லாமல், ரேனியஸ் அந்தத் திருச்சபையின் ஒழுங்குகளையே கண்டித்து ஒரு மதிப்புரையும் எழுதி அச்சிட்டார். 1835இல் சங்கம் அவரோடிருந்த தொடர்பை முறித்தது.

சட்டப்படி சங்கத்தில் குறை காண்பது கடினம். சம்பளம் தருகிற வீட்டையே அச்சில் ஏசியவர் அவர். ஆனால் கிராமங்களை யாரும் கேட்கவில்லை. ஆர்க்காட்டுப் பக்கம் போன ரேனியஸை உபதேசியார்கள் பலர் திரும்ப அழைக்க, அவரும் வந்தார். ஒரே வட்டாரத்தில் இரண்டு மிஷன்கள் நின்றன. குருப்பட்டம் பெற்ற தமிழரான ஜான் தேவசகாயம் பழைய மிஷனிலேயே இருந்தார். நேற்றுவரை ஒன்றாக ஊழியம் செய்தவர்கள் இரண்டு பக்கமானார்கள். 1838 ஜூனில் ரேனியஸ் இறந்தார். கூடவே வெளியேறிய ஜெர்மானியத் தோழர்களில் சிலர் பிறகு சி.எம்.எஸ்.ஸுக்கே திரும்பிவிட்டார்கள். உபதேசச் சண்டை என்று பெயர். உள்ளே இருந்தது யார் கைவைப்பது என்ற அதிகாரச் சண்டை. பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் போலும்.

நம் தீவில் நடந்தது வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் திருகோணமலையிலும் பணி செய்த அமலமரித் தியாகிகள் சபையின் குரு திஸ்ஸ பாலசூரிய. மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி 1990இல் அவர் வெளியிட்ட நூலில், ஜென்மபாவம் முதலிய கோட்பாடுகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். இலங்கை ஆயர்கள் எச்சரித்தார்கள். வத்திக்கான் தயாரித்த விசுவாச அறிக்கையில் ஒப்பமிட அவர் மறுத்து, திருத்தந்தை 6ஆம் பவுலின் விசுவாசப் பிரமாணத்தில், தன் சொந்தக் குறிப்பொன்றையும் சேர்த்து ஒப்பமிட்டார். அது போதாது என்று 1997 ஜனவரி 2ஆம் தேதி திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 72. அவருடைய துறவற சபை அவரைக் கைவிடவில்லை. பேச்சு நடந்தது. 1998 ஜனவரியில் விலக்கம் நீங்கியது: நடந்தவற்றுக்கு அவர் வருத்தம் தெரிவித்தார், இனி எழுதுவதை ஆயர்களின் அனுமதிக்கு அனுப்பவும் இசைந்தார். யாருக்கும் முழு வெற்றி இல்லை. 2013இல் அவர் குருவாகவே கண்மூடினார். ஒரே ஆண்டில் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நிறுவனத்தால் முடிந்தது என்றால், நடுவில் யாரோ கதவடியில் காத்து நின்றிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஒரு குரு விலகினால் தலைமைக்கு இத்தனை பதற்றம் எதற்கு என்பது எனக்கு வெகுநாள் விளங்காத ஒன்று. விடை திருச்சபையிடமே பழைய கணக்காக இருக்கிறது. உரோமையரின் கொடுமைக்குப் பயந்து வேதப் புத்தகங்களை ஒப்படைத்த குருமார் செய்த சடங்குகள் செல்லா என்று 4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் பிரிந்து போனார்கள். அகுஸ்தீன் மறுத்தார்: ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து, குருவின் கை வெறும் கை. (அதே அகுஸ்தீன் பின்னர் தொனாத்தியர்மேல் அரசன் கையை ஏவ நியாயம் கற்பித்தார் என்பதையும் மறைக்க வேண்டாம்.) அங்கிலிக்கரின் 39 விதிகளில் 26ஆவதும் குருவின் தகுதியின்மையால் திருவருட்சாதனம் கெடாது என்கிறது. அருள் போதகரின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகையால் அவர் போகும்போது எடுத்துக்கொண்டு போகவும் எதுவுமில்லை. போனவரின் பழைய ஊழியம் முழுவதையும் தூற்றுகிற தலைமை, தன்னை அறியாமல் தொனாத்தியர் பக்கம் சாய்ந்து, அவர் மீறியதைவிட ஆழமான உபதேசமொன்றை மீறுகிறது.

ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் அவர் கையெழுத்து பக்கம் பக்கமாக இருக்கும். எந்தத் தலைமையும் அதை அடித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அவர் கட்டிவைத்த கல்யாணங்களும் கல்யாணங்களே. அந்தப் பதிவேட்டுக்கு இருக்கும் நிதானம் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படும் சுற்றுமடலுக்கும் இருக்கலாம். எதில் கருத்து வேறுபட்டது, அவர் சொன்னதை எத்தனை முறை கேட்டோம், வீட்டைக் காலி செய்ய எவ்வளவு காலம் கொடுத்தோம், அவர் செய்த சடங்குகள் எல்லாம் செல்லும் என்று நான்கு வரி போதும். போகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. இரவோடிரவாக வீடு வீடாய்ப் போய் குடும்பங்களைப் பிரித்து இழுக்கக் கூடாது. இவரோடு தொடர்பு வைக்காதீர்கள் என்ற வரியை மட்டும் மடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவருடைய மகளை அதே சபையில்தான் கட்டிக்கொடுத்திருப்பார்கள்.