இறந்தோர்க்கு உரிய இடம்

நகரத்துக்கு அடியில் ரயில் பாதை அமைக்கும் பொறியாளர், மேலே வாழ்வோரோடும் அங்கே புதைக்கப்பட்டோரோடும் முரண்படாமல் செல்ல ஆழத்தையே பெரிதும் நம்புகிறார். லண்டனின் எலிசபெத் பாதைக்காக எட்டு இயந்திரங்கள் குடைந்த 42 கிலோமீட்டர் சுரங்கங்கள், நகர மையத்தில் பெரும்பாலும் லண்டன் களிமண் எனப்படும் இறுகிய படிவத்தின் ஊடே சென்றன; மேலுள்ள கட்டடங்கள் அமிழாதிருக்க, தளர்ந்த மண்ணுக்குள் சிமெண்ட் குழம்பை அழுத்தத்தோடு செலுத்தி நிலமட்டத்தை ஈடுசெய்தனர். நிலையத்துக்கோ அந்த வசதி இல்லை. பயணி தெருவிலிருந்துதான் இறங்கியாக வேண்டும் என்பதால் மேல்மண்ணையே திறக்க வேண்டியிருக்கிறது. மனிதர் தம் இறந்தோரை வைப்பதும் அந்த மேல்மண்ணில்தான்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தின் புதிய பயணச்சீட்டுக் கூடம் அமையவிருந்த இடம், 1569-இல் தொடங்கப்பட்டு ஏறத்தாழ 170 ஆண்டுகள் பயன்பட்ட பெட்லம் இடுகாட்டின் பகுதியாகும். தேவாலய முற்றத்தில் இடம் வாங்க இயலாத ஏழைகளும், நிறுவப்பட்ட திருச்சபையோடு மாறுபட்டவர்களும் அங்கே புதைக்கப்பட்டனர். 2015-இல் தொல்லியலாளர் அங்கிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தனர். வாழ்வோரின் வசதிக்காக இவர்களை அப்புறப்படுத்த யாருக்கு உரிமை உண்டு?

உணர்வு அற்ற இடத்தில் நன்மையும் தீமையும் இல்லை என்ற எபிகூரஸின் நெறிப்படி இங்கே இழைக்கப்படும் தீங்கு எதுவுமில்லை. அரிஸ்டாட்டில் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. வாழ்வோரின் நிலை இறந்தோரைச் சிறிதளவேனும் தொடக்கூடும் என்பதற்கு அவர் தம் அறவியல் நூலில் இடம் விட்டிருக்கிறார். உடலின் உயிர்த்தெழுதலை நம்பிய அந்த லண்டன் மக்களுக்கோ, கல்லறை என்பது மீண்டும் எழும் நாள்வரை காத்திருக்கும் இடம்.

இவற்றுள் எபிகூரஸின் விடை போதாது என்பதை அந்த மண்ணே காட்டிற்று. 1665-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மாண்டவர்கள் எனக் கருதப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே குழியில் கிடந்தனர்; ஆயினும் அவர்கள் வாரி எறியப்படவில்லை, பெட்டிகளில் வைத்து ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தனர். அச்சம் ஊரையே ஆட்டிய நாளிலும் ஒருவர் தம் கடமையை விடாமல் செய்திருக்கிறார் என்றால், அந்த அடக்கத்தைக் கலைப்பவரிடம் அந்தக் கடமை வந்து சேர்கிறது. மாண்டவர் உணர்கிறாரா இல்லையா என்பதைச் சார்ந்து அது நிற்பதில்லை. அவர்களுள் சிலரின் பற்களிலிருந்து கொள்ளைநோய்க் கிருமியின் மரபணு 2016-இல் அறியப்பட்டது. அந்த அறிவு பெரும் பயனுடையதே. எனினும் அது கேளாமல் பெற்ற கொடை என்பதை மறப்பது தகாது.

எலும்புகள் பின்னர் கேன்வி தீவின் கல்லறை நிலத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. தன்னார்வலர்கள் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் படித்து, அங்கே புதைக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தொகுத்தனர். 1665-இல் இறந்த மேரி காட்ஃப்ரீ என்பவரின் கல்லறைக் கல் கிடைத்தும், அவருடைய எலும்பு எது என்று சொல்ல இயலவில்லை, ஏனெனில் அக்கல் எப்போதோ பெயர்க்கப்பட்டு ஒரு சுவரில் வைக்கப்பட்டிருந்தது. பெயரையும் உடலையும் இணைக்க இயலாத இந்நிலையில் அந்தப் பட்டியல் ஒன்றே அவர்கள் அனைவர்க்கும் உரிய கல்வெட்டாகிறது. ஆகவே அதைத் தொகுத்ததை உபகாரம் என்று கொள்ளாமல், கூடம் கட்டும் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.