எண்பதாவது மைலுக்கு இன்றே மிதி!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே, லெட்வில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,094 மீட்டர் உயரம். நம் உதகை 2,240 மீட்டர்தான். அதற்கும் மேலே இன்னும் 850 மீட்டர் ஏறினால்தான் லெட்வில்லின் கடைத்தெருவே வரும். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் அங்கே. புதிதாக வந்தவர்களுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த ஊரில் ஆகஸ்ட் மாதத்து விடியலில், விரல் விறைக்கும் குளிரில், ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மலைச் சைக்கிளில் பாய்கிறார்கள். நூறு மைல்! சரளை, பாறை, புழுதி, செங்குத்து. மொத்த ஏற்றம் மட்டும் 3,500 மீட்டர் அளவுக்கு வரும். 12 மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஒரு பக்கிள். 9 மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு அதைவிடப் பெரிய பக்கிள். முதல் சில இடங்களுக்கு வருகிறவர்களை விட்டுவிடு. மற்ற அத்தனை பேரும் அந்த ஒரு துண்டு உலோகத்துக்காகத்தான் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உன் வாயில் வரும் முதல் சொல் எனக்குத் தெரியும். "நமக்கெல்லாம் இது ஆகாது."

நில். எதை வைத்துச் சொல்கிறாய்? முடியாது என்பதற்கு உன்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? ஒரு மலையிலாவது தோற்றிருக்கிறாயா? ஒரு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு விட்டாயா? இல்லை. விசாரணையே நடக்காமல் உனக்கு நீயே தண்டனை எழுதிக்கொண்டிருக்கிறாய். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பந்தயம் பிறந்த கதையைக் கேள். லெட்வில் சுரங்க ஊர். பக்கத்தில் கிளைமாக்ஸ் என்ற பெரிய மாலிப்டினம் சுரங்கம். எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் உலோகம் அது. 1980-களின் தொடக்கத்தில் சுரங்கம் படுத்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அடியில் வேலை போனது. ஊரே காலியாகிவிடும் என்ற நிலை. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளிகளில் ஒருவர் கென் குளோபர். மாரத்தான் ஓடுகிறவர். அவருக்கு ஒன்று தோன்றியது. வெளியூர்க்காரர்கள் இந்த ஊரில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், காசு செலவழிக்க வேண்டும். அதற்கு ஒரே நாளில் முடியாத ஒன்றை இங்கே வைக்க வேண்டும். மெரிலீ மாப்பின் என்ற பெண்மணியோடு சேர்ந்து 1983-ல் நூறு மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். இந்த உயரத்தில் ஓடவிட்டால் ஆள் செத்துப்போவான் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அந்த முதல் வருடம் 45 பேர் புறப்பட்டு, 10 பேர்தான் முடித்தார்கள். அடுத்த வருடமும் பந்தயம் நடந்தது. அதற்கடுத்த வருடமும் நடந்தது. 1994-ல் சைக்கிள் பந்தயமும் சேர்ந்துகொண்டது.

பணக்காரர்களின் பொழுதுபோக்காக ஆரம்பித்த பந்தயம் இல்லை இது! வயிற்றில் அடிபட்ட ஒரு ஊர், தன்னிடம் மிச்சமிருந்த ஒரே சொத்தை எடுத்துப் பார்த்தது. மெல்லிய காற்றும் கரடுமுரடான மலையும்தான் அந்தச் சொத்து. எதை எல்லோரும் குறை என்று சொன்னார்களோ, அதையே வாசலில் வைத்து உலகத்தை அழைத்தது. உன் குறை என்ன? உயரம் குறைவா? வயது கூடிவிட்டதா? பழைய வண்டியா? வெளியே எடுத்து வை. அங்கிருந்து பேசுவோம்.

சரி, கணக்குப் போடுவோம். போகவரப் பாதை ஏறத்தாழ 165 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். 12 மணி நேரம். மணிக்குச் சராசரி 14 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சமதளத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் சாவகாசமாகப் போகும் வேகம்! அப்படியானால் இந்தப் பந்தயத்தில் உன்னை வீழ்த்துவது வேகம் இல்லை. நிற்பதுதான் வீழ்த்துகிறது. உணவு கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவது, முதல் ஏற்றத்தில் வெறிபிடித்து மிதித்துவிட்டு மூன்றாவதில் சுருண்டுபோவது, பஞ்சர் ஒட்டத் தெரியாமல் ஓரத்தில் நிற்பது. வேகத்தை வைத்தல்லவா நீ பயந்துகொண்டிருந்தாய்? பயத்தை இடம் மாற்றிக்கொள். தொடர்ந்து போகத் தெரியுமா என்று மட்டும் உன்னைக் கேட்டுக்கொள்.

தொடர்ந்து போவது வரம் இல்லை, அது பழக்கம். எப்படிப் பழகுவது?

முதலில் மெதுவாகப் போகக் கற்றுக்கொள். ஆம், மெதுவாக! வாரத்தில் நீ ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுவதும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், உடம்பு கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொள்வதும் இந்தப் பொறுமையான மணி நேரங்களில்தான். ஒவ்வொரு சவாரியிலும் நாக்குத் தள்ளினால்தான் பயிற்சி என்று நினைப்பவர்கள் மூன்று மாதத்தில் முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஏற்றத்தில் உன்னைக் கசக்கிக்கொள். ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. வாரக் கடைசியில் ஒரு நீண்ட சவாரி. முதலில் இரண்டு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு ஐந்து, ஆறு. மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் குறை. பலம் ஏறுவது ஓய்வில்தான். தூக்கத்தைத் திருடிப் பயிற்சி செய்கிறவன் தன் பையிலிருந்தே காசைத் திருடுகிறான்.

அடுத்தது வயிறு. இதைத்தான் பெரும்பாலானவர்கள் அலட்சியம் செய்கிறார்கள், அதனால்தான் இதில் நான் பிடிவாதமாக நிற்கிறேன். உன் தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, கடுமையாக உழைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வற்றிவிடும். அதற்குப் பிறகு கால் இருந்தும் கால் இல்லை. ஆகவே ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, பழகியவர்கள் 90 கிராம் வரை போவார்கள். பசிக்கும்வரை காத்திருக்காதே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போகட்டும். வாழைப்பழமோ, பேரீச்சையோ, கடலை மிட்டாயோ, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோ, உனக்கு எது ஒத்துவருகிறது என்று பயிற்சியிலேயே கண்டுபிடி. குடலும் பழக்கத்துக்கு வரும் உறுப்புதான். பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் போடாதே.

அப்புறம் கை. இருட்டில், குளிரில், கை நடுங்கும்போதும் டியூப் மாற்றத் தெரிய வேண்டும். அறுந்த செயினை இணைக்கும் லிங்க் ஒன்று பையில் இருக்க வேண்டும். அதைப் போடவும் தெரிந்திருக்க வேண்டும். டியூப் இல்லாத டயர் என்றால், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் காய்ந்துவிட்டதா என்று பார். டயரில் கல்போல் காற்றடித்துக்கொண்டு சரளையில் இறங்காதே, பிடிமானம் போய்விடும். இறக்கத்தில் ஒரு விரலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பிடி, இடுப்பைப் பின்னால் தள்ளு, கண்ணைச் சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வை. ஏற்றத்துக்கு மட்டும் பயிற்சி செய்துவிட்டு இறக்கத்தில் எலும்பை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது மலைக்கு வா.

லெட்வில் பாதை ட்வின் லேக்ஸ் ஏரிகளைத் தாண்டியதும் கொலம்பைன் ஏற்றம் தொடங்குகிறது. ஒரே ஏற்றத்தில் 900 மீட்டருக்கும் மேல். உச்சியில் நீ நிற்கும் இடம் 3,750 மீட்டரைத் தாண்டியிருக்கும். உச்சியை நெருங்கும்போது மரங்கள் நின்றுவிடுகின்றன. அந்த உயரத்தில் மரமே வளராது. மேல்பகுதியில் பாதை உடைந்த கல்லாக மாறுகிறது. அங்கே பெரும்பாலானவர்கள் இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். வக்கீல், செவிலி, தச்சர், பேரன் எடுத்தவர், எல்லோரும் தலையைக் குனிந்து தள்ளுகிறார்கள். நீயும் தள்ளு! தள்ளுவதில் என்ன வெட்கம்? வண்டியின் மேல் இருக்கிறாயா கீழே இருக்கிறாயா என்று எவரும் எழுதிவைப்பதில்லை. முன்னால் போகிறாயா என்பது மட்டும்தான் கேள்வி.

ஆனால் உண்மையான கேள்வி அங்கே வருவதில்லை. திரும்பி வரும் வழியில், எண்பதாவது மைலை நெருங்கும்போது, மின்கம்பிகளுக்குக் கீழே வெட்டிய பாதையில் வருகிறது. பவர்லைன் என்பார்கள். காலையில் நீ குதூகலமாக இறங்கிவந்த அதே சரிவு, மத்தியானம் உன் முன்னால் சுவராக நிற்கும். சாய்வு சில இடங்களில் 20 சதவீதத்தைத் தாண்டும். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போது பின்னால் இன்னொரு உச்சி தலை நீட்டும். தொடை பிடித்துக்கொள்ளும். தொண்டை காயும். உள்ளே ஒரு குரல் மிக நியாயமாக, மிக இனிமையாகப் பேசும். "இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. போதும்."

அந்தக் குரலுக்கு அந்த இடத்தில் நீ பதில் தேடினால் தோற்றாய். பதில் முன்பே தயாராக இருக்க வேண்டும். மழைத் தூறலிலும் கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை பதில். கல்யாண வீட்டிலிருந்து ராத்திரி சீக்கிரம் கிளம்பி, மறுநாள் விடியலில் ஏறிய மலை பதில். ஐந்தாவது மணி நேரத்தில், பார்ப்பதற்கு யாருமே இல்லாத சாலையில், வீட்டுக்குத் திரும்பும் குறுக்குவழியைப் பார்த்தும் பார்க்காமல் நேராகப் போனாயே, அது பதில். உனக்கு நீ கொடுத்த வாக்கை நீ காப்பாற்றிய ஒவ்வொரு நாளும் பவர்லைன் சரிவில் வந்து உன் பக்கம் சாட்சி சொல்லும். தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். கண்ணாடி முன் நின்று கத்துவதால் அது வராது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. தொடை எரிவது வேறு, நெஞ்சு வலிப்பது வேறு. மூச்சு வாங்குவது வேறு, தலை சுற்றிக் கண் இருட்டுவது வேறு. இரண்டாவது வகை வந்தால் உடனே நிறுத்து, உதவி கேள். பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு வா. உயரமான ஊருக்குப் போவதானால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் போய் உடம்பைப் பழக்கு. உடம்பை மதிக்கத் தெரியாதவனின் வீரம் எனக்கு வேண்டாம்.

வயதாகிவிட்டது என்கிறாயா? ரெபெக்கா ரஷ் என்ற பெண் மலையேறியவர், சாகசப் பந்தயங்களில் ஓடியவர். அந்தப் பந்தயங்களில் அவருக்குப் பிடிக்காத, பலவீனமான பகுதியே சைக்கிள்தான். முப்பதுகளின் கடைசியில்தான் அதை முழுமூச்சாகக் கையில் எடுத்தார். 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு முறை லெட்வில்லில் பெண்களில் முதலிடம்! முதல் வெற்றியின்போது அவருக்கு நாற்பது வயது. எந்தப் பாடத்தில் பயந்தாரோ அந்தப் பாடத்திலேயே அரசியானார்.

டேவ் வீன்ஸைப் பார். அதே கொலராடோ மண்ணின் மனிதர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். 2003-லிருந்து 2008 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றார். 2008-ல் அவருக்கு எதிரே நின்றவர் சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். உலகமே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வீன்ஸ் அன்று நாற்பதைத் தாண்டியவர். முன்னால் வந்து வென்றார். ஆர்ம்ஸ்ட்ராங் அடுத்த வருடம் வந்து ஜெயித்தது உண்மை. ஊக்கமருந்து விவகாரத்தில் அவருடைய பட்டங்கள் பறிபோனதும் உண்மை. வீன்ஸின் ஆறு வெற்றிகளை ஒருவரும் பறிக்கவில்லை.

ஆனால் நான் உன்னைப் பார்க்கச் சொல்வது வீன்ஸையும் இல்லை. 2023-ல் 5 மணி 43 நிமிடத்தில் பாதையை முடித்துச் சாதனை படைத்த கீகன் ஸ்வென்சனையும் இல்லை. பன்னிரண்டாவது மணி நேரத்தின் கடைசி நிமிடங்களில் வருகிறவர்களைப் பார். முகமெல்லாம் புழுதி, உதட்டில் உப்பு. முதலில் வந்தவர் குளித்துச் சாப்பிட்டு உறங்கி எழுந்திருப்பார். இவர்கள் அவரைவிட இரண்டு மடங்கு நேரம் வலியில் இருந்திருக்கிறார்கள்! முடித்து வருகிறவர்களை அணைத்து வரவேற்பது மெரிலீ மாப்பினின் வழக்கம். சாம்பியனுக்கு ஓர் அணைப்பு, கடைசி ஆளுக்கு வேறோர் அணைப்பு என்று அங்கே கிடையாது.

லெட்வில் உனக்குத் தூரமாக இருக்கலாம். அதற்கு இடம் கிடைப்பதும் பெரும்பாலும் குலுக்கலில்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குலுக்கல் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலை உன்னிடம் கட்டணம் கேட்பதில்லை. ஒரு தேதியைக் குறி. ஆறு மாதம் தள்ளிக் குறி. வீட்டில் உள்ளவர்களிடம் அந்தத் தேதியை வாய்விட்டுச் சொல். அப்போதுதான் பின்வாங்க முடியாது. மூலையில் கிடக்கும் வண்டியை இன்று மாலையே வெளியே எடு. செயினைத் துடைத்து எண்ணெய் போடு. பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் மாற்று. சீட்டின் உயரத்தைச் சரிசெய், பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஹெல்மெட்டை வாசலில் மாட்டிவிட்டுப் படு. நாளைக்கு ஐந்து மணிக்கு நாற்பது நிமிடம், பேசிக்கொண்டே போகும் வேகத்தில். நாளை மறுநாளும் அதே நாற்பது நிமிடம். ஏறு வண்டியில்!