பிழையாமையும் பொறுப்பும்

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் வைத்தியரைக் காட்டிலும், நோயாளியின் முகத்தையே காணாத ஒரு யந்திரம் நோயைச் சரியாகச் சொல்லுமாயின், நாம் யாரை நம்புவது? இக்கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. செயற்கை அறிவு என்னும் பெயரால் வழங்கும் கணினி முறைகள் வைத்தியத் துறையில் புகுந்துவிட்ட இக்காலத்தில், பட்டணத்தில் வாழ்வோரும் தோட்டத்தை விட்டு வந்தோரும் இதனை ஒருமுறையேனும் நின்று சிந்தித்தல் கடமையாகும்.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாம் சிறுவராயிருந்த காலம் அது. டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து போகும் ஒருவர். மற்ற நாட்களில் லயத்து மக்களின் உயிர் டிரசர் ஒருவரின் கையில் இருந்தது. விடியற்காலையில், நோய் என்று சொன்னவர்களை அவர் வரிசையாக நிறுத்திப் பார்ப்பார். நெற்றி சுட்டால் மாத்திரை. வயிறு நொந்தால் கலவை மருந்து. இரண்டும் இல்லையேல் வேலைக்குப் போக வேண்டியதுதான். ஒரு நாள் நம் தாயார் வயிற்று நோவென்று சென்று, கலவை மருந்தோடு திரும்பினார். அன்றிரவு, எவரும் அழைக்காமலே, டிரசர் கைவிளக்கோடு லயத்துக்கு வந்து சேர்ந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பின்பு தந்தையாரிடம், "காலையில் நான் சொன்னது தப்பு ஐயா. அத்தனை பேர் வரிசையில் நின்ற அவசரத்தில், வலி எங்கே தொடங்கி எங்கே போயிற்று என்று அம்மாவைக் கேட்கவில்லை" என்றார். தோட்டத்து லாரியிலேயே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். குடல்வால் அழற்சி என்று கண்டு அறுவை செய்தார்கள். தாயார் பிழைத்தார்.

அந்த மனிதர் காலையில் தவறினார். இரவில் தம் தவற்றைத் தேடி நடந்து வந்தார். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே நாம் மேலே செல்ல விரும்புகிறோம்.

மனிதர் தவறக்கூடியவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு தவறுகிறோம் என்பதை அளந்து பார்க்கத்தான் துணிவு வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் அத்துணிவு கொண்டனர். கடும் வயிற்று நோவோடு வந்த 304 நோயாளிகளின் குறிகளைக் கணினியில் இட்டு, முன்னர்க் கண்ட நோயாளிகளின் கணக்கோடு ஒப்பிட்டு, இன்ன நோய் என்று அதனைச் சொல்ல வைத்தனர். 1972-ல் வெளிவந்த முடிவு யாது? கணினி நூற்றுக்கு 91.8 பங்கு சரியாகச் சொல்லிற்று. அனுபவம் மிக்க மூத்த வைத்தியர் சொன்னது 79.6 பங்கே சரியாயிருந்தது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஷார்ட்லிஃப் என்பவரும் பிறரும் 1970-களில் மைசின் என்னும் முறையை அமைத்தனர். இரத்தத்திலும் மூளையுறையிலும் கிருமி புகுந்தால் எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதற்கு, நிபுணர்களிடம் கேட்டறிந்த சில நூறு விதிகளை அதில் எழுதி வைத்தனர். மூளையுறை அழற்சி கண்ட பத்து நோயாளிகளின் விவரத்தை மைசினிடமும் வைத்தியர்களிடமும் தந்து, எந்த விடை யாருடையது என்று சொல்லாமல், வெளியூர் நிபுணர் எண்மரைக் கொண்டு மதிப்பிட்டனர். 1979-ல் வெளியான அம்மதிப்பீட்டில் மைசினுக்கு நூற்றுக்கு 65 கிடைத்தது. அதே துறைப் பேராசிரியர் ஐவருக்கும் கிடைத்தது 42.5 முதல் 62.5 வரையே. ஆயினும் மைசின் எந்த ஆஸ்பத்திரியிலும் நாள்தோறும் நடைபெறும் சிகிச்சைக்குப் பயன்படுத்தப்படவில்லை.

இதைக் கேட்டவுடன் ஒரு சாரார், "இனி வைத்தியர் எதற்கு? யந்திரத்திடமே விட்டுவிடலாம்" என்பர். மற்றொரு சாரார், "உள்ளமில்லாத இரும்புக்கு உயிரின் அருமை எப்படித் தெரியும்?" என்று அதனைத் தள்ளிவிடுவர். இவ்விருவரும் அவசரப்படுகின்றனர் என்பதே நம் அபிப்பிராயம்.

லீட்ஸ் ஆராய்ச்சியின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அம்முறை பின்னர் எட்டு இடங்களில் 16,737 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 1986-ல் முடிவு வெளியாயிற்று. நோயாளியை முதலில் பார்க்கும் வைத்தியரின் தீர்மானம் முன்பு நூற்றுக்கு 45.6 பங்கு சரியாயிருந்தது. இம்முறை வந்தபின் 65.3 பங்காக உயர்ந்தது. இது யந்திரத்தின் மகிமை மட்டுமா? கணினிக்கு விவரம் கொடுக்க வேண்டுமானால், வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, வாந்தி உண்டா, எதனால் கூடுகிறது என்று படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் வைத்தியர் கேட்டேயாக வேண்டும். அந்தப் படிவத்தை மட்டும் கொடுத்தாலே தீர்மானம் திருந்துகிறது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் கண்டன. நம் டிரசர் காலையில் கேட்க மறந்த கேள்வியும் அதுவேயன்றோ? ஆகவே மனிதர் பெரும்பாலும் அறிவின்மையால் தவறுவதில்லை. அசதியால், அவசரத்தால், ஏழை சொல்வதை முழுதும் கேளாமையால் தவறுகின்றனர். யந்திரத்துக்கு அசதியில்லை, வரிசையில் நூறாவதாக நிற்பவரையும் முதலாமவரைப் போலவே கேட்கும். இந்த நன்மையை மறுப்பவர் நோயாளியின் நண்பராகார்.

எனினும், படிவத்திலேயே இல்லாத நோய் வந்தால் என் செய்வது? இதற்கு உதாரணம் தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவிற்று. பன்றியும் கொசுவும் உள்ள இடமாதலால், இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று தீர்மானித்தனர். சிலருடைய இரத்தச் சோதனையும் அதற்கு ஒத்திருந்தது. கொசுவுக்கு மருந்து புகைத்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ நிற்கவில்லை. அந்நோய் பெரும்பாலும் பிள்ளைகளையே தாக்குவது. இங்கு விழுந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த வயது வந்த ஆண்கள். கொசு வீட்டிலுள்ள எல்லாரையும் கடிக்கும். நோயோ பன்றியைத் தொட்டவர்களையே தேடிப் பிடித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தனர். பன்றிகளை ஏற்றிச் சென்ற வழியே அது நெகிரி செம்பிலானுக்கும் சென்றது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து சுவா காவ் பிங், இது உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி என்று கண்டறிந்தார். சுங்கை நீப்பா என்னும் கிராமத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அப்பரவலில் நோயுற்றவர் மொத்தம் 265 பேர். மாண்டவர் 105 பேர்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. மைசின் போன்ற ஒரு முறை அன்று ஈப்போவில் இருந்திருந்தால், அதுவும் தன் விதிகளைப் புரட்டி "ஜப்பானிய மூளைக்காய்ச்சல்" என்றே சொல்லியிருக்கும். எழுதப்படாததை அது அறியாது. இஃது ஒன்று. மனிதரும் மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தனர் என்பது மற்றொன்று. ஆகலின் மனிதர் என்பதனாலேயே உயர்வு வந்துவிடாது. தன் தீர்மானத்துக்கு ஒத்துவராத சின்னஞ்சிறு உண்மையை ஒதுக்கிவிடாமல், அதன் பின்னே சென்றவரிடமே உயர்வு இருந்தது.

இன்றைய முறைகள் எழுதிய விதியைக் கொண்டு நடப்பவையல்ல. உதாரணங்களைக் கண்டு தாமே கற்பவை. நீரிழிவால் கண்ணின் உட்படலம் கெடுவதைப் படம் பார்த்துச் சொல்லும் முறையொன்று 2016-ல் வெளியாயிற்று. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய ஆஸ்பத்திரிகளின் படங்களும் அதற்கு உதவின. 1,28,175 படங்களை 54 கண் வைத்தியர்கள் தரம் பிரித்தனர். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர் வரை பார்க்க வேண்டியதாயிற்று. ஏன்? ஒரே கண்ணைப் பற்றி வைத்தியர்களின் அபிப்பிராயம் ஒன்றாயிருப்பதில்லை. யந்திரம் கற்றது வானத்திலிருந்து இறங்கிய உண்மையையன்று; மனிதர் பலர் கூடி ஒப்பிய தீர்ப்பையே. நீரிழிவு மலிந்த நம் மக்களுக்கு இத்தகைய முறை பெருநன்மை செய்யலாம். ஆனால் அதனுள்ளும் மனிதரே இருக்கின்றனர் என்பதை மறக்கலாகாது.

நம்பகம் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு பொருளைக் கலந்து வைத்திருக்கிறோம். தவறாதிருத்தல் ஒன்று; தவறியபோது அதற்கு விடை சொல்லுதல் மற்றொன்று. முதலாவதில் யந்திரம் மனிதரை வெல்லக்கூடும். பல இடங்களில் வென்றும் இருக்கிறது. இரண்டாவது அதனிடம் இல்லை. இரவில் கைவிளக்கோடு அது லயத்துக்கு வாராது. வெட்கமும் வருத்தமும் இல்லாததற்குப் பொறுப்பு என்பது ஏது?

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, பணிவிடை செய்வோர் என நான்காக வகுத்தார். யந்திரத்தை இந்நான்கில் எங்கே வைப்பது? மருந்தோடு வைப்பதே தகும். மருந்து எவ்வளவு வலியதாயினும், கொடுத்தவர் ஒருவர் உண்டு. தவறானால் அவரைக் கேட்கலாம். வைத்தியரின் இடத்தில் யந்திரத்தை அமர்த்திவிட்டால், கேட்பதற்கு ஆளில்லை. "துரை சொன்னார்", "தலைவிதி" என்ற சொற்களால் நம் மக்களின் வாயை அடைத்த காலம் ஒன்று இருந்தது. அவ்வரிசையில் "யந்திரம் சொல்லிற்று" என்பதும் சேருமாயின், அது விஞ்ஞானமாகாது. பழைய அடிமைத்தனமே புதுச் சட்டை போட்டு வந்ததாகும்.

"வைத்தியரே எட்டிப் பாராத இடத்தில் யந்திரமாவது இருப்பது மேலன்றோ?" என்று சிலர் கேட்கலாம். மேல்தான், ஒப்புகிறோம். பசித்தவனிடம் விருந்தின் இலக்கணம் பேசுவது அறமன்று. ஆனால் செல்வருக்கு யந்திரமும் வைத்தியரும், ஏழைக்கு யந்திரம் மட்டும் என்று ஏற்பாடாகிவிட்டால், அதனை முன்னேற்றம் என்று நாம் கொண்டாட முடியாது. ஆகவே யந்திரம் வரட்டும். கூடவே மூன்று வரட்டும். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டால் காரணம் காட்ட வேண்டும். அக்காலத்து மைசினே அதைச் செய்தது. ஒத்துவராத குறியைக் கண்டவர், யந்திரத்தை மறுத்துப் பேச அஞ்சாதிருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் விடை சொல்லும் மனிதர் ஒருவரின் பெயர் அந்தச் சீட்டின் அடியில் இருக்க வேண்டும்.

நம் தாயார் இறுதிவரை அந்த டிரசரைக் குறை கூறியதில்லை. காலையில் அவர் தவறியதை மறந்தவருமல்லர். "திரும்பி வந்தாரே" என்று மட்டும் சொல்வார். யந்திரத்தைச் செய்வோரும், வாங்குவோரும், அதன் சொற்படி மருந்து கொடுப்போரும் திரும்பி வரக் கடமைப்பட்டவர்கள். அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.