மூலன் உடம்பில் யார்?

திருமூலர் கதையில் என் கண் எப்போதும் மாடுகள்மேல்தான். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்கிறான். மாடுகள் சுற்றிவந்து கதறுகின்றன. மனமிரங்கிய ஒரு யோகி (இவர்தான் பின்னாளில் திருமூலர்) தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். மாடுகள் துள்ளிக்கொண்டு வீடு திரும்புகின்றன. மூலன் மனைவி அருகில் வந்தால் மட்டும், நமக்குள் உறவேதும் இல்லை என்று விலகுகிறார்.

அப்படியானால் மாடுகள் ஏமாந்துபோயினவா? வெப்சைட் வடிவமைத்துப் பிழைக்கிற எனக்கு இது வெறும் புராணக் கேள்வி இல்லை.

2005 ஏப்ரலில் மேக்ரோமீடியாவைச் சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. டிசம்பரில் கை மாறியது. வெப்பக்கம் கட்டும் ட்ரீம்வீவர், வெப் படங்களுக்கான ஃபயர்வொர்க்ஸ், ஃப்ளாஷ், படம் வரையும் ஃப்ரீஹேண்ட் என அதன் மென்பொருள்கள் எல்லாம் அடோபி வீட்டுக்குப் போயின. 2007-ல் வந்த சிஎஸ்3 ட்ரீம்வீவரைத் திறந்தேன். மேலே கோட், கீழே பக்கத்தின் தோற்றம், அதற்கும் கீழே ப்ராபர்ட்டீஸ் பட்டை. எஃப்12 தட்டினால் பிரவுசரில் பக்கம் விரிந்தது. கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாடுகளோடு மாடாக நானும் வீடு திரும்பினேன்.

யோகி திரும்பிப் போய்த் தேடியபோது, பத்திரப்படுத்திய சொந்த உடம்பைக் காணோம், சிவன் மறைத்துவிட்டார். அடோபியிடமும் இதே வேலைக்கு கோலைவ் என்று ஒன்று இருந்தது. (அதுவும் 1999-ல் விலைக்கு வாங்கியதுதான், சொந்த உடம்பு என்பது கொஞ்சம் தாராளம்.) 2008-ல் அதை நிறுத்திவிட்டார்கள். ஃப்ரீஹேண்ட் கதை நேர்மாறு. அதே வேலைக்கு அடோபியிடம் இல்லஸ்ட்ரேட்டர் இருந்ததால், வந்த உடம்புதான் போனது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் அருளுக்கு இங்கே வேலையில்லை.

உடம்பு சட்டை, உயிர்தான் ஆள், ஆகவே மனைவி பட்டதே உண்மை என்று சித்தாந்தம் படித்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. மாடுகளுக்கு வேண்டியிருந்தது ஓட்டிப்போக ஒருவர், கிடைத்தார். மனைவிக்கு வேண்டியிருந்தது தனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், அவர் போய்விட்டார். அதே ஆளா என்ற கேள்விக்கு, யாருக்கு என்று சேர்த்துக் கேட்காமல் விடை கிடையாது.

ஹோம்சைட்டைப் பாருங்கள். வெப்பக்கக் கோட் எழுத நிக் பிராட்பரி என்ற ஒருவர் உருவாக்கிய நிரல் அது. அலையர், மேக்ரோமீடியா, அடோபி என்று கைமாறி, 2009-ல் நின்றுபோகும்வரை பெயர் மாறவில்லை. பிராட்பரியோ எப்போதோ வெளியேறி, டாப்ஸ்டைல் என்ற வேறொரு நிரல் எழுதப் போய்விட்டிருந்தார். பெயரையும் கோப்புகளையும் நம்பியவர்கள் ஹோம்சைட்டிலேயே இருந்தார்கள். எழுதிய கையை நம்பியவர்கள் அவர் பின்னால் போனார்கள். இரு சாராரும் தாங்கள் பழையதோடுதான் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு இரண்டும் நியாயமாகவே படுகிறது.

2013 மே மாதம், ஃபயர்வொர்க்ஸுக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை என்று அடோபி சொன்னது. புதிய பதிப்புகள் இனி சந்தாவுக்குத்தான் என்ற அறிவிப்பும் அப்போதே வந்தது. எட்டு வருடம் நிம்மதியாக மேய்ந்தவர்களுக்கு, யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்வி அன்றைக்குத்தான் வந்தது. மனைவியின் கேள்வி மாடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

கதையில் அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் பந்தம் கடந்தவர் என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் நடந்து முடிந்தபின் வந்த பெரியவர்கள் வேறென்ன செய்வார்கள்? 2022-ல் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் நிறுவனத்தை 2000 கோடி டாலருக்கு வாங்க அடோபி ஒப்பந்தம் போட்டபோது பிரிட்டனும் ஐரோப்பிய ஆணையமும் முன்கூட்டியே வந்து குறுக்கே நின்றன. 2023 டிசம்பரில் அந்தப் பேரம் கைவிடப்பட்டது.