தீக்கு விலக்கானவை

மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகி, எரியக் கூடாதவர்கள் யாரென்றும் சொன்னாள். வஞ்சின மாலையின் முடிவில் தீக்கடவுள் அவள்முன் வந்து, இந்த ஊரில் பிழைக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்கிறான். அந்தணர்கள், அறநெறியில் நிற்பவர்கள், பசுக்கள், கற்புடைய பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் என்று அவள் வரிசையாகச் சொல்கிறாள். இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகளில் ஒருத்தியாவது கேட்டுவிடுவாள்: மாதவி அன்று மதுரையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள்? அடுத்து வரும் அழற்படு காதையில் அதற்கு ஒரு மறைமுகமான பதில் இருக்கிறது. ஆடல் மகளிர் தங்கள் அரங்கை இழந்தார்கள் என்கிறார் இளங்கோ. அவர்கள் உயிர் போனதாக அங்கே பேச்சில்லை. அவர்கள் கலை நிகழ்ந்த இடம் போயிற்று.

தீயை ஆள்வது என்றால் எது எரியலாம், எது எரியக் கூடாது என்று பட்டியல் போடுவதுதான். அந்தப் பட்டியலைப் போட்டவள் ஒரு பெண் என்பதாலேயே அதில் எல்லாப் பெண்களும் இடம்பெற்றுவிடவில்லை. எந்த அளவுகோலை வைத்து விலக்கு அளிக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை. காட்டுத்தீயை எதிர்கொள்ளும் இன்றைய அரசுகளும் இப்படிப்பட்ட பட்டியல்களோடுதான் களத்தில் இறங்குகின்றன. அவற்றில் பழங்காலச் சின்னங்களுக்கும் இடம் உண்டு. எது சின்னம் என்று அங்கே முடிவாகும் விதத்தைத்தான் இங்கே யோசிக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து தொடங்கலாம். கொலராடோவின் மெசா வெர்டியில், பாறைக் குடைவுகளுக்குள் கல்லடுக்கிக் கட்டிய பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. 1906இல் அது தேசியப் பூங்கா ஆனது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியதில் வர்ஜீனியா மக்கிளர்க், லூசி பீபடி போன்ற பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1996இல் அங்கே பற்றிய காட்டுத்தீயில் பழைய பாறைச் செதுக்கோவியங்கள் கொண்ட பரப்பு ஒன்று சேதமடைந்தது. மணற்கல் திடீரென்று சூடேறும்போது மேல்தோல் செதில் செதிலாக உரிந்து விழும். செதுக்கல் இருப்பது அந்தத் தோலில்தான். 2000இல் இன்னும் பெரிய தீ வந்தது. புதர்கள் எரிந்து தீர்ந்த தரையில், அதுவரை யாருக்கும் தெரியாமலிருந்த நூற்றுக்கணக்கான தொல்லிடங்கள் வெளிப்பட்டன. தீ அழித்ததும் அதுதான், காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

தீயை அணைக்கும் வேலையே பல நேரம் தீயைவிடக் கூடுதலாகச் சிதைத்துவிடுகிறது. புல்டோசர் ஒருமுறை மண்ணைச் சுரண்டித் தடுப்புக்கோடு போட்டால், ஆயிரம் ஆண்டு கிடந்த ஓட்டுச்சில்லும் அடுப்பின் அடித்தளமும் ஒரே நொடியில் கலைந்துபோகும். விமானத்திலிருந்து கொட்டும் சிவப்புத் தீத்தடுப்புக் கலவை கல்லில் கறையாகப் படியும். 1977இல் நியூ மெக்சிகோவின் பண்டலியர் பகுதியில் தீப்பற்றியபோது தொல்லியலாளர்கள் புல்டோசர்களுக்கு முன்னால் நடந்து, எங்கே மண்ணைத் தொடக் கூடாது என்று காட்டினார்கள். அதன்பின் இது ஒரு முறையாகவே வளர்ந்தது. சின்னங்கள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கிறார்கள். அவற்றைச் சுற்றியுள்ள சருகையும் விறகையும் அகற்றுகிறார்கள். பழைய மரவீடுகளை அலுமினியத் தகட்டுத் துணியால் போர்த்துகிறார்கள். 2021இல் கலிஃபோர்னியாவில் ஜெனரல் ஷெர்மன் என்ற பெருமரத்தின் அடியையும் இப்படிப் போர்த்திய படம் உலகமெங்கும் சுற்றியது.

இவை எல்லாமே நல்ல வேலைகள். கல் ஒருமுறை உரிந்தால் உரிந்ததுதான். அதற்காக உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த முறைக்கு அடியில் ஒரு துணிபு இருக்கிறது: பண்பாடு என்பது பொருள், அதற்கு எல்லை உண்டு, தீ அதன் பகைவன், ஆகவே தீயை விலக்கினால் பண்பாடு பிழைக்கும். மதிலுக்கும் தூணுக்கும் இது பொருந்தும். எல்லாருடைய பண்பாடும் மதிலாகவும் தூணாகவும் இருந்ததில்லை.

கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில் கிளாமத் ஆறு ஓடுகிறது. அதன் கரைகளில் கரூக், யூரோக் முதலான பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்களின் புகழ்பெற்ற கலை கூடை பின்னுவது. குழந்தையைக் கிடத்தும் கூடை, தலையில் அணியும் கூடைத்தொப்பி, சூடான கற்களைப் போட்டு ஓக் கொட்டைக் கஞ்சி காய்ச்சும் அளவுக்கு நெருக்கமாகப் பின்னிய சமையற்கூடை எல்லாம் அதில் அடங்கும். பின்னியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதற்கு வேண்டிய ஹேசல் குச்சி சும்மா விட்ட புதரில் கிடைக்காது. பழைய தண்டு கிளைவிட்டு, பூச்சி அரித்து, வளைத்தால் ஒடியும். புதரை மெல்லிய தீயால் எரித்துவிட்டால் வேரிலிருந்து புதுத்தளிர்கள் கிளையில்லாமல் நேராக எழும். அடுத்த பருவங்களில் அவற்றைப் பறிப்பார்கள். கூடையில் வெண்ணிறக் கோலம் போடப் பயன்படும் பியர்கிராஸ் என்ற புல்லுக்கும் தீ வேண்டும். ஓக் மரங்களின் அடியில் எரித்தால் கொட்டையைத் துளைக்கும் வண்டுகள் குறையும். எந்தச் சரிவை எப்போது, எந்த ஈரத்தில், எந்தக் காற்றில் எரிப்பது என்பது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு.

இந்த ஹேசல் புதர் ஒரு பண்பாட்டு இடமா, இல்லையா? அங்கே கல் இல்லை, கல்வெட்டு இல்லை. ஒரு பாட்டி பறித்த சரிவில் பேத்தி பறிக்கிறாள், அவ்வளவுதான். இதைத் தீயிலிருந்து காப்பாற்றினால் இது அழியும். காப்பதற்காகவே எரிக்க வேண்டிய இடம் இது. நாம் மேலே பார்த்த பட்டியலில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அமெரிக்கச் சட்டம் இந்தக் கேள்விக்கு அளித்த பதில் நீண்டகாலம் வெறும் தடையாகவே இருந்தது. 1850இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயரே இந்தியர்களின் ஆளுகைக்கும் பாதுகாப்புக்குமான சட்டம். புல்வெளிக்குத் தீ வைப்பது அதில் தண்டனைக்குரிய குற்றம். பழங்குடிக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் பிடித்துவைத்துக்கொள்ள வழிசெய்ததும் அதே சட்டம். பாதுகாப்பு என்ற சொல்லை இந்த இடத்தில் நின்று ஒருமுறை வாசிக்க வேண்டும். 1910இல் வடமேற்கு மாநிலங்களை எரித்த பெருந்தீக்குப் பிறகு கூட்டாட்சி வனத்துறை எல்லாத் தீயையும் எதிரியாகக் கருதியது. தீ கண்ணில் பட்டால் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்பது 1935இல் கொள்கையானது. எரிப்பது நின்றது. குச்சி கிடைக்காமல் போனது. கூடையும் அருகியது. யாரும் கூடையைத் தடைசெய்யவில்லை. அதற்கு முந்தைய கண்ணியை அறுத்தால் போதுமானதாக இருந்தது. அரங்கை இழந்த ஆடல் மகளிரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடக்கிவைத்த தீ காட்டில் விறகாகச் சேர்ந்துகொண்டிருந்தது. புவி சூடேறச் சூடேற அது வேறு உருவில் திரும்பியது. 2020 செப்டம்பரில் ஹேப்பி கேம்ப் என்ற சிற்றூரைச் சுற்றிப் பரவிய ஸ்லேட்டர் தீயில் ஏறத்தாழ 200 வீடுகள் எரிந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். அது கரூக் மக்கள் நிறைந்த ஊர். வீடுகளோடு எரிந்த பாட்டிமார் கூடைகளுக்கு எந்த அலுமினியப் போர்வையும் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டியலில் ஓர் இடத்தைச் சேர்க்க அது எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் திருடர்கள் வருவார்கள், சுற்றுலா வரும். அதனால்தான் தொல்லிடங்களின் இருப்பிடத்தை வெளியிடாமல் வைத்துக்கொள்ள 1966ஆம் ஆண்டு வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பின்னர் வழி செய்யப்பட்டது. பறிக்கும் இடங்களுக்கும் இதே நிலைதான். தன் குடும்பம் பறிக்கும் சரிவை ஒரு மூதாட்டி சீருடைக்காரரிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? நேற்றுவரை தீ வைத்ததற்காகத் தண்டித்தவர் அவர். சொல்லாவிட்டாலோ புல்டோசருக்கு அது வெறும் புதர். தன் அறிவைக் கொடுத்தால்தான் காப்பாற்றப்படுவாள், கொடுத்தபின் அது அவளுடையதாக இருக்குமா என்பதற்கு உறுதி இல்லை. பாட்டிகளின் மருத்துவமும் விதையும் பாட்டும் ஏட்டில் ஏறிய கதை தெரிந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும்.

இங்கே என் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு எழும். பெண்ணைப் பண்பாட்டின் காவலாளி ஆக்கும் பழைய வேலையைத்தான் இதுவும் செய்கிறது. மரபைச் சுமக்கச் சொல்லி நம்மை எவ்வளவு காலம் கட்டிப்போட்டார்கள் என்பதை மறந்துவிட்டோமா? நியாயமான கேள்வி. பழங்குடிப் பெண்ணை இயற்கையின் மகள் என்று உருகி எழுதுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஒரு யூரோக் இளம்பெண் கூடையே பின்னாமல் கணினி வேலைக்குப் போகலாம். அது அவள் முடிவு. ஆனால் குச்சியே முளைக்காத காட்டில் பின்னுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவளுக்கு என்ன இருக்கிறது? மரபைச் சுமக்கச் சொல்வதும் மரபைப் பறிப்பதும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது அந்த முடிவைத்தான்.

தீ இன்று முன்னைவிட ஆபத்தானது, யார் வேண்டுமானாலும் கொளுத்தலாம் என்று விட முடியாது என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் உண்மை. கிளாமத் பெண்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கூடைக் குச்சி வேண்டும் என்ற தேவையிலிருந்து மார்கோ ராபின்ஸ் போன்ற யூரோக் பெண்கள் பண்பாட்டுத் தீ மேலாண்மைக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஈரம், காற்று, சரிவு எல்லாம் பார்த்து, தண்ணீரும் ஆட்களும் வைத்துக்கொண்டு, பயிற்சி கொடுத்து எரிக்கிறார்கள். 2016இல் வட கலிஃபோர்னியாவில் பெண்களை முன்னிறுத்தும் தீப்பயிற்சி முகாமும் தொடங்கியது. 2024இல் கையெழுத்தான மாநிலச் சட்டம், பழங்குடி அரசுகள் மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் அனுமதிச் சீட்டுக்குக் காத்திராமல் எரிக்க வழிசெய்கிறது. 174 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இது தூரத்துச் செய்தி மட்டுமல்ல. ஈரோட்டு மலைகளிலும் அவற்றை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் வாழும் சோளகர்களுக்கும் ஒரு தீ இருந்தது. கர்நாடகப் பக்கத்தில் அதற்குத் தரகு பெங்கி, அதாவது சருகுத்தீ, என்று பெயர். கோடையின் தொடக்கத்தில் தரையோடு ஓடவிடும் சிறுதீ. சரணாலயம் வந்தபின் அது தடைப்பட்டது. உண்ணிச்செடி காட்டை மூடியதற்கும் நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் அந்தத் தடையே காரணம் என்று சோளகர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2011இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்குச் சமூக உரிமை ஏற்கப்பட்டது. தீயை ஆளும் உரிமை இன்னும் அதில் முழுமையாக வந்து சேரவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் நம்மை எதிலிருந்தெல்லாம் விலக்கினார்கள் என்று எண்ணிப்பார்த்தால், தெரு, இரவு, படிப்பு, பயணம் என்று வரிசை நீளும். அடுப்புத் தீயை நாள் முழுக்க நம் கையில் கொடுத்துவிட்டு, காட்டுத் தீயைப் பற்றிப் பேச மட்டும் நமக்கு அறிவு போதாது என்றார்கள். ஆகவே ஓர் இடத்தைக் காக்கப்போகிறோம் என்று யாராவது வரைபடத்தோடு வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எவ்வளவு பழையது என்பதல்ல. அங்கே இப்போது யார் போகிறார்கள், அடுத்த ஆண்டும் அவர்களால் போக முடியுமா, தீக்குச்சி யார் கையில் இருக்கும் என்பவைதான் கேள்விகள். மெசா வெர்டியின் மதில்கள் போர்த்தப்படட்டும், புல்டோசர் விலகி நடக்கட்டும். கிளாமத் கரையில் ஒரு பேத்தியின் குழந்தைக்காக ஹேசல் புதர் எரியட்டும். இரண்டுக்கும் இடம் வேண்டுமென்றால் பட்டியலை வெளியிலிருந்து ஒருவர் எழுதிக்கொண்டு வரக் கூடாது.