வீட்டுத் தகப்பனும் பியூஸ் கட்டையும்



நல்லூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு சந்திப்புக்குப் போகும்போது ஒரே கேள்வி பல வீடுகளில் என்னிடம் வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் சகோதரிகள். "பாஸ்டரய்யா, எங்க வீட்டுக்காரரு எதுக்கும் ஆள் கூப்புட விடமாட்டேங்கறாரு. மோட்டார கழட்டிப் போட்டு பதினோரு நாளாச்சு. நானும் புள்ளைங்களும் குடத்தத் தூக்கிக்கிட்டு அடிபம்புக்கு நடக்குறோம். கேட்டா, என் வீட்டு வேலைய நானே பாத்துக்குவேன், எவனுக்கும் தண்டம் அழ மாட்டேன்ங்கறாரு. இது சரிங்களா?" சகோதரரைக் கேட்டால் அவர் பக்கமும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார். "குடிக்கிறனா, சீட்டாடுறனா? லீவு நாள்ல வீட்டு வேலை பாக்குறது ஒரு குத்தமா பாஸ்டர்?"

குற்றமில்லை. அதை முதலாவது சொல்லிவிடுகிறேன். கை ஓய்ந்துபோனவன் வீட்டில் மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகும் என்கிற கருத்தைப் பிரசங்கி எழுதி வைத்திருக்கிறான் (பிர. 10:18). சொந்த வீட்டாரைக் கவனியாதவன் அவிசுவாசியிலும் மோசமானவன் என்று பவுல் கடிந்துகொள்ளுகிறார் (1 தீமோ. 5:8). நம் தகப்பன்மார் பலர் கையில் காசில்லாத காலத்தில் இந்த வேலைகளைக் கற்றவர்கள். கூரைக்குக் கீற்று மாற்றவும், ஓடு திருப்பவும், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் தெரியாதிருந்தால் குடும்பம் ஓடியிருக்காது. அந்தக் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதித்தார். அதை யாரும் கேலி பண்ணவேண்டாம்.

ஆனால் சோம்பலைக் கண்டித்து நூறு பிரசங்கம் பண்ணுகிற நாம், "எனக்கு யாரும் வேண்டாம்" என்கிற சுறுசுறுப்பைப்பற்றி வாய் திறக்கிறதில்லை. அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அடுத்தவன் உதவியை வாங்குவது ஒரு மனுஷனுக்குக் குறைவா?

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்துக்குப் போவோம். மனுஷன் தனிமையாய் இருப்பது நல்லதல்ல, அவனுக்கு ஒரு துணை வேண்டும் என்று தேவன் கண்டது 18-ம் வசனத்தில். பாவம் உள்ளே வந்தது மூன்றாம் அதிகாரத்தில். இந்த வரிசையை நன்றாய்க் கவனியுங்கள். பாவமே இல்லாத ஆதாமுக்கு உதவி தேவைப்பட்டது! ஆகவே உதவி தேவைப்படுவது பாவத்தின் கூலியுமல்ல, பலவீனத்தின் அடையாளமுமல்ல. தேவன் மனுஷனை உண்டாக்கினதே அப்படித்தான். பைபிள் காலேஜில் எனக்கு எபிரெயு கொஞ்சம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலே மறக்காமல் நிற்கிற வார்த்தை இது. அந்த இடத்தில் துணைக்கு வருகிற சொல் "ஏசேர்". சங்கீதங்களில் கர்த்தரையே நமக்குத் துணை என்று சொல்லும்போதும் அதே சொல்தான் (சங். 33:20, 121:2). மனைவியின் உதவியை அலட்சியம் பண்ணுகிறவர், தேவன் தமக்கே வைத்துக்கொண்ட ஒரு பேரை அலட்சியம் பண்ணுகிறார். மோட்டார் கழட்டும்போது "நீ போ, ஒனக்கு என்ன தெரியும்" என்கிற சகோதரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இனி நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு ஒன்றைக் காட்டிப் பேசுகிறேன். விருத்தாசலம் செராமிக்குக்குப் பேர்போன ஊர் என்று உங்களுக்குத் தெரியும். பொம்மையும் அகல்விளக்கும் மாத்திரமல்ல, கரண்டுக்கான பீங்கான் சாமான்களும் அங்கே செய்கிறார்கள். (குயவனும் களிமண்ணும் பிரசங்கத்தை இந்தப் பக்கத்துச் சபைகள் போதுமானமட்டும் கேட்டாயிற்று. நான் அங்கே போகவில்லை.) வீட்டு மீட்டர் பக்கத்தில் இருக்கிற வெள்ளைப் பியூஸ் கட்டையைப் பாருங்கள். களிமண்ணும் கல்மாவும் சேர்த்து, 1,200 டிகிரிக்குமேல் சூளையில் வெந்து வருகிற பீங்கான் அது. கரண்டு அதற்குள் பாயாது, சூட்டையும் தாங்கும். ஆனால் அந்தக் கட்டைக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறதே, வேலை அதற்குத்தான். லோடு மிஞ்சினால் அந்தக் கம்பி உருகி அறுந்துபோகும். வீடு இருட்டாகும். வீடு தப்பும்.

சில தகப்பன்மார் என்ன செய்கிறார்கள்? "சும்மா சும்மா பீஸ் போவுது" என்று பழைய ஒயரிலிருந்து நாலைந்து இழையை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். "இனிமே போவவே போவாது பாரு" என்று ஒரு பெருமை வேறே. உண்மைதான், போகாது. ஆனால் மிஞ்சின கரண்டு எங்கே போகும்? சுவருக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஓடுகிற ஒயர் சூடேறும், அதன் மேல்தோல் இளகும், ஒருநாள் ராத்திரி புகை வரும். புது வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்துவிட்டாலும் பழைய வீடுகளில் இந்தக் கட்டை இன்னும் இருக்கிறது.

பிரியமானவர்களே, வளையாத தகப்பன் இருக்கிற வீட்டிலும் இதுதான் நடக்கிறது. "என்னால முடியல, ஒரு ஆளக் கூப்புடு" என்று அவர் சொல்லமாட்டார். அவர் விட்டுக்கொடுக்காத அந்தப் பாரம் மறைந்துபோகிறதில்லை. குடம் சுமக்கிற மனைவியின் இடுப்பில் போய் இறங்குகிறது. டார்ச் லைட் சரியாய்ப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்குகிற பிள்ளையின் மனதில் போய் இறங்குகிறது. வெளியே பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாய் எரிகிறதுபோலத்தான் இருக்கும்.

அரசாங்கமே இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 45-ம் விதி அது. பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் இவைகளை மாற்றிப்போட வீட்டுக்காரரை விடுகிறது. அதைத் தாண்டின ஒயரிங் வேலையை லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்யவேண்டும் என்கிறது. பிற்பாடு அந்த விதிகள் போய்ப் புது ஒழுங்குமுறைகள் வந்தும் அந்தக் கோடு அழியவில்லை. வேதத்திலும் இப்படி ஒன்று உண்டு. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும், வைக்காமல் ஒருவன் விழுந்து செத்தால் அந்தப் பழி அந்த வீட்டைச் சேரும் என்று மோசே எழுதியிருக்கிறார் (உபா. 22:8). "என் வீடு, என் இஷ்டம்" என்கிற பேச்சுக்குக் கர்த்தர் இடம் கொடுக்கவில்லை. தெரியாத வேலையில் துணிச்சலாய்க் கை வைத்துவிட்டு "கர்த்தர் பாத்துக்குவார்" என்கிறதை விசுவாசம் என்று என்னால் சொல்லமுடியாது.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறினது. முந்திரியும் பலாவும் வேரோடே சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. நம் மாவட்டத்துக்கு வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர வேறே மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அன்றைக்கு "என் வீட்டுக் கரண்ட நானே இழுத்துக்குவேன்" என்று ஒரு தகப்பனும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம், கைகூப்பினோம். ஒருவருக்கும் மானம் போய்விடவில்லையே!

கைவேலையில் கெட்டிக்காரனாய் இருந்து விழுந்துபோன ஒருவன் வேதத்தில் இருக்கிறான். உசியா ராஜா. கோபுரம் கட்டினான், துரவு வெட்டினான், பயிர்த்தொழிலை விரும்பினான், யந்திரங்களைக்கூட உண்டாக்குவித்தான். 2 நாளாகமம் 26-ம் அதிகாரத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அவன் பலப்படுகிறமட்டும் அவனுக்கு ஆச்சரியமாய் உதவி கிடைத்தது என்று 15-ம் வசனம் காட்டுகிறது. பலப்பட்ட பிற்பாடோ, எல்லாம் நானே செய்கிறேனே, தூபம் மாத்திரம் இன்னொருவன் எதற்குக் காட்டவேண்டும் என்று தேவாலயத்துக்குள் நுழைந்தான். எண்பது ஆசாரியர்கள் தடுத்தும் கேட்கவில்லை. குஷ்டரோகியாய் வெளியே வந்தான். மகன் யோதாம் அரமனையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாவியைச் சந்தோஷமாய் மகன் கையில் கொடுத்திருக்கலாம், பறிகொடுத்தான்.

இதற்கு எதிரிடையாய் இன்னொருவன். நாம் ஆவியின் அபிஷேகத்தை நாடுகிற சபை. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதன்முதல் யாரைச் சொல்லுகிறது? மோசேயை அல்ல, ஆரோனை அல்ல. பெசலெயேல் என்கிற கைவேலைக்காரனை (யாத். 31:3). பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்கிறவன். ஸ்பேனரும் ரம்பமும் பிடிக்கிற கைமேல் ஆவியானவர் இறங்குவாரா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அந்த வசனம் போதும். ஆனால் அவ்வளவு வரம் பெற்றவனைக் கர்த்தர் தனியாய் விடவில்லை. அகோலியாபைக் கூடக் கொடுத்தார். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனதையும் இருவருக்கும் அருளினார் என்று பின்பு வாசிக்கிறோம் (யாத். 35:34). நான் இதைத்தான் பிடித்துக்கொள்ளுகிறேன். கைத்தொழில் ஆவியினால் வந்ததா, சுயத்தினால் வந்ததா என்று பார்க்கவேண்டுமானால், கற்றுக்கொடுக்கிற மனது கூட வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நம் வீடுகளில் இங்கேதான் குறைவு. இருபது வருஷம் எல்லாவற்றையும் தானே ரிப்பேர் பண்ணின தகப்பனுடைய மகனுக்கு வாஷர் மாற்றத் தெரியாது. டார்ச் பிடித்ததோடு சரி. மகளுக்கு அதுவும் இல்லை. நாசரேத்தில் அப்படியில்லை. மத்தேயு நம் ஆண்டவரைத் தச்சனுடைய குமாரன் என்கிறார் (மத். 13:55); மாற்கில் ஜனங்கள் அவரையே தச்சன் என்கிறார்கள் (மாற். 6:3). யோசேப்பு உளியைத் தன் கையை விட்டு இறக்கிக் கொடுத்திருக்கிறார். சின்னக் கை முதலில் கோணலாய்த்தான் செதுக்கியிருக்கும், வேலை தாமதப்பட்டிருக்கும், ஒரு பலகை வீணாய்ப் போயிருக்கும்.

"தண்டம்" என்கிற வார்த்தைக்கும் ஒன்று சொல்லுகிறேன். பிளம்பருக்குக் கொடுக்கிற ஐந்நூறு ரூபாய் ஒரு வீட்டில் அரிசியாகிறது. அவருக்கும் ஸ்கூல் பீஸ் கட்டவேண்டிய பிள்ளைகள் உண்டு. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனென்று ஆண்டவர் சொன்னதை ஊழியக்காரருக்கு மாத்திரம் சொன்னதாக நாம் வைத்துக்கொள்ளுகிறோம்.

சகோதரரே, நீங்கள் செய்வது அன்பினாலா, "நான்" என்கிறதினாலா என்று உங்களுக்கே தெரியாவிட்டால், ஒரு காரியத்தை யோசித்துப் பாருங்கள். அந்தக் கை உங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறதா? நம் சபையில் விதவைத் தாய்மார் வீடுகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் குழாய் மாதக்கணக்கில் சொட்டுகிறது, ஒன்றில் கதவு சாத்த முடியவில்லை, ஒன்றில் ஓடு விலகி மழை அடுப்பின்மேல் விழுகிறது. அவர்கள் யாரிடமும் வாய் திறந்து கேட்பதில்லை.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடித்தபின், மூன்று மணிக்கு அந்த வீடுகளுக்குப் போகிறோம். வேலை தெரிந்த தகப்பன்மார் டூல்ஸ் பையோடு வாருங்கள். மகனையோ மகளையோ கூட்டிவாருங்கள்; ஸ்பேனர் அவர்கள் கையில் இருக்கட்டும், டார்ச்சை நீங்கள் பிடியுங்கள். ஒரு வீட்டில் ஒயரிங் மாற்றவேண்டியிருக்கிறது. அதற்கு லைசென்ஸ் உள்ள ஆள் வருவார். அவர் கூலியைச் சபை அன்றைக்கே கொடுத்துவிடும்.