நெய்வேலி நெருப்பும் பிதிரார்ஜிதமும்

வடலூரில் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு வைகாசியில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் பசித்தவர்க்கு அன்னம் சமைத்துக்கொண்டிருக்க, அங்கிருந்து சில கல் தொலைவிலேயே நெய்வேலியில், மனித ஜாதி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மண்ணுக்குள் அமிழ்ந்த வனங்களின் எச்சமாகிய பழுப்பு நிலக்கரி 1962 முதல் மற்றொரு நெருப்பாய் எரிந்து மின்சாரம் ஈன்றுகொண்டிருக்கிறது. முன்னதைப் புண்ணியமென்றும் பின்னதைப் பாவமென்றும் பிரித்துவிடுதல் எளிது. நம் நண்பர் சிலர் அவ்வாறே பிரித்தும் வைத்திருக்கிறார்கள்.

ஆயினும், அன்பர்கள் தருமசாலைக்குக் கொண்டுவந்து குவிக்கும் அரிசி எவ்விதம் விளைந்தது என்று விசாரிக்கப் புகுந்தால் அந்தப் பிரிவினை நிலைக்காது. வயலுக்கு நீர் இறைப்பது மின்சார மோட்டார். பயிருக்கு இடுவது யூரியா. அதுவோ காற்றிலுள்ள நைட்ரஜனை, பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவினின்று பிரித்த ஹைட்ரஜனோடு கூட்டுவதில் தொடங்கி ஆக்கப்படுவது. நெய்வேலியிலேயே ஒரு காலத்தில் நிலக்கரியைக் கொண்டு யூரியா செய்த ஆலை இருந்தது. ஆக, ஜீவகாருண்யத்தின் அடுப்பும் இன்று அந்த மற்றொரு நெருப்பின் தயவில்தான் நிற்கிறது. அப்படியானால் அதை எரிப்பது தர்மமா, அதர்மமா?

துறந்துவிடுங்கள் என்பது ஒரு சாராரின் விடை. துறவு மேலானதே, ஆனால் அது தானே விரும்பி ஏற்பவனுக்கு அழகு தருமேயன்றி, வீட்டில் ஒரு விளக்குக்கு மேல் கண்டறியாதவனுக்கு உபதேசிக்கத் தக்கதன்று. அடிகள் பசித்து வந்தவனிடம் உபவாசத்தின் மகிமையைப் பேசவில்லை, சோறு போட்டார். மாற்றுச் சக்தி வந்தால் எல்லாம் தீரும் என்பது மறுசாராரின் விடை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில் மும்முரமாய்ச் சுழல்கின்றன. பருவம் போனால் ஓய்ந்து நிற்கின்றன. கமுதியில் பரப்பியுள்ள சூரியத் தகடுகள், வீடுதோறும் விளக்கேற்றும் அந்திவேளையில் கண்ணை மூடிக்கொள்கின்றன. உபரி மின்சாரத்தால் நீரை மலைமேல் ஏற்றித் தேக்கி, வேண்டும்போது இறக்கி மின்சாரமாக்கும் கடம்பாறை போன்ற நிலையங்கள் இக்குறையைச் சிறிது தீர்க்கும். கடம்பாறையின் திறன் 400 மெகாவாட். இவையெல்லாம் பெருக வேண்டியவையே. எனினும் எவ்வளவு பெருகினால் போதும் என்பதை எந்த எஞ்சினீயரும் நமக்குச் சொல்லித் தர இயலாது. அது அவருடைய சாஸ்திரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அதைச் சொல்லத்தக்க சாஸ்திரம் ஒன்று நம்மிடம் உண்டு. அதை மோட்ச நூல்களில் தேடுவதைக் காட்டிலும் சொத்து வழக்குகளுக்குரிய நூலில் தேடுவதே தகும் என்பது என் துணிபு. சாளுக்கியரின் கலியாண நகரில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரையான மிதாட்சரத்தில், பிறந்துவிட்டவர், கருவில் இருப்பவர், இனிமேல்தான் கருவாக வேண்டியவர் ஆகிய அனைவருக்கும் ஜீவனத்துக்கு ஆதாரம் வேண்டுமாதலால், குடும்பத்தலைவன் நிலத்தைத் தன் இஷ்டப்படி தானமோ விக்கிரயமோ செய்தலாகாது என்ற கருத்தை எடுத்தாள்கிறார். அவ்வளவோடு நின்றிருந்தால் அதுவும் ஓர் இரக்கமற்ற துறவுபதேசமாகவே போயிருக்கும். ஆனால் அடுத்தபடியாகவே, ஆபத்துக் காலத்திலும், குடும்பத்தின் நன்மைக்காகவும், விசேஷமாகத் தர்ம காரியத்துக்காகவும் ஒருவனே அதை விற்கலாம் என்று அவர் விலக்கும் வகுக்கிறார். இதைவிட நியாயமான அளவுகோலை நான் அறியேன்.

நிலக்கரியும் எண்ணெயும் நாம் ஈட்டியவை அல்ல, பிதிரார்ஜிதம். ஒருமுறை எரித்தால் மீளாதவை. அன்றியும், இந்தச் சொத்தை விற்கிறவன் கடனையும் சேர்த்தே வைத்துப்போகிறான். ஆலைகளின் யுகம் தொடங்குமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420ஐக் கடந்துவிட்டது. அதன் வெப்பத்தைச் சுமக்கப்போகிறவர்கள் இன்னும் கருவாகாதவர்கள். ஆகவே ஒவ்வொரு செலவையும் மூன்று கேள்விகளால் நிறுத்துப் பார்க்கலாம்: இது ஆபத்துக்கா, குடும்பத்துக்கா, தர்மத்துக்கா? பிரசவ அறையின் விளக்கும், குடியானவனின் மோட்டாரும், தருமசாலையின் அரிசியும் தயக்கமின்றித் தேறிவிடும். ஆளில்லாத மண்டபத்தை இரவெல்லாம் குளிரூட்டுவது எந்தத் தலைப்பில் தேறும்?

ஆபத்து என்னும் சலுகைக்கும் எல்லை உண்டு. 1956இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தபோது தேசம் உண்மையிலேயே வறிய குடும்பமாக இருந்தது. அன்று சுரங்கத்துக்காக வீடும் வயலும் விட்டுக்கொடுத்த கிராமத்தார் செய்தது தர்ம காரியமே. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்தின் பொருட்டு வெட்டும் பரவனாற்றுக் கால்வாய்க்காகப் பச்சைநெல் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. முன்னரே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். சட்டப்படி அது விடையாகலாம். ஆனால் நீரின்றித் துவண்ட பயிருக்கும் உருகிய அடிகளின் ஊருக்கு அருகிலேயே அது நிகழ்ந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. எந்த ஆபத்து அறுவடைவரை பொறுக்காதது?

விற்கிறவனை மட்டும் கூண்டில் நிறுத்துவதும் முறையன்று. இந்து குடும்பச் சொத்து வழக்கொன்றில் 1856ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்ஸில், கடன் கொடுப்பவனும் அந்தக் குடும்பத்துக்கு அவசியம் உண்டா என்று விசாரித்தே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுரங்கத்தின் பொருளை வாங்குகிற நாமும் அதே விசாரணைக்குக் கட்டுப்பட்டவர்களே. காற்றும் வெயிலும் முழுப் பாரத்தையும் தாங்கும் நாள் வரட்டும்; அதுவரை, அவசியம் காட்ட முடியாத செலவை இந்த மாத மின் கட்டணத்திலிருந்தே நிறுத்தத் தொடங்குவோமாக.